சேர்க்கை அல்ல, ஈர்ப்பு

பல்கலைக்கழக மாணவர்கள் மூவரைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு நாவல். பின்னட்டையில் ‘மெல்ல எரியும் ஓரினச்சேர்க்கை முக்கோணக் காதல்’ என்று போட்டிருந்தார்கள். நல்லவேளை, கதையை முடித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒருவன் அறைத்தோழனிடம் இரவல் வாங்கிய பேனாவைத் திருப்பித் தர மறக்கிறான். இருபதாம் அத்தியாயத்தில் வேண்டுமென்றே மறக்கிறான். முந்நூறு பக்கம் தாண்டியும் இருவருடைய விரல்நுனிகூடத் தொட்டுக்கொள்ளவில்லை. இதில் சேர்க்கை எங்கிருந்து வந்தது?

மூலச் சொல்லின் கதை சிறியது. ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லை 1869இல் ஜெர்மன் மொழியில் அச்சேற்றியவர் கார்ல் மரியா கெர்ட்பெனி. முன்பாதி ‘ஒத்த’ என்று பொருள்படும் கிரேக்கம், பின்பாதி லத்தீன். லத்தீனில் ‘செக்சுஸ்’ என்றால் ஆண், பெண் என்ற பால். உடலுறவு என்ற பொருள் ஆங்கிலத்தில் பிற்பாடு வந்து ஏறிக்கொண்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் வேரை விட்டுவிட்டு, ஏறிக்கொண்டதைப் பிடித்துக்கொண்டார்கள்.

‘ஓரினச்சேர்க்கை’யில் இரண்டு பிழைகள். முதலாவது ‘இனம்’. ஆணும் பெண்ணும் மனித இனம்தானே? அப்படிப் பார்த்தால் ஊரறிய நடக்கும் ஒவ்வொரு திருமணமும் ஓரினச்சேர்க்கைதான். ‘தன்னினச்சேர்க்கை’ என்று மாற்றினாலும் இந்தக் கோளாறு போகாது. தமிழ் இலக்கணத்தில் இதற்கென்றே ‘பால்’ இருக்கிறது. தொல்காப்பியம் பிரித்துவைத்த ஐம்பாலைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களே ‘இனம்’ என்று எழுதுவதுதான் வேடிக்கை.

இரண்டாவது பிழை பெரியது. சேர்க்கை என்பது செயல். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு செயலைத்தான் தண்டித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அது குற்றமல்ல என்று தீர்ப்பளிக்கும்வரை செய்தி எழுதியவர்கள் செயலைக் குறிக்கும் சொல்லைப் புழங்கியதற்கு ஒரு சாக்காவது இருந்தது. நாவலுக்கு என்ன சாக்கு? யாரையும் தொடாமல், யாரிடமும் சொல்லாமல், தனக்குத்தானேகூட ஒப்புக்கொள்ளாமல் ஒருவன் ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். அப்போதும் அவன் மனம் சாய்கிற திசை மாறுவதில்லை. ஆணும் பெண்ணும் காதலித்தால் ‘காதல்’ என்று எழுதும் அதே பேனா, இரண்டு ஆண்கள் என்றதும் ‘சேர்க்கை’ என்று எழுதுகிறது. தமிழ் வாசகருக்கு அந்தச் சொல்லே பழகிவிட்டது என்பார்கள். பழகியதெல்லாம் சரியாகிவிடுமா? போதாக்குறைக்கு இது பல்கலைக்கழகக் கதை. அங்கே சேர்க்கை என்றால் விண்ணப்பப் படிவமும் கடைசித் தேதியும்தான் நினைவுக்கு வரும்.

அதனால்தான் ‘தன்பாலீர்ப்பு’ என்கிறேன். எதிர்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்று ஒரே அச்சில் மற்ற சொற்களும் வார்க்க வரும். இந்த நாவலிலேயே மூன்றாமவனுக்கு முன்பு ஒரு காதலி இருந்தாள்; அவன் இருபாலீர்ப்பினன். ‘சேர்க்கை’யை வைத்துக்கொண்டு அவனை என்னவென்று சொல்வது? ‘இருபாற்சேர்க்கை’ என்றால் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் கல்லூரி விளம்பரம் போல ஒலிக்கிறது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இடம் விட்டு ‘தன்பால் ஈர்ப்பு’ என்று எழுதினால், காந்தம் இரும்பைத் தன்பால் இழுப்பது போல, தன் பக்கம் இழுத்தல் என்றும் பொருள் வரும். சேர்த்தே எழுதுங்கள். ‘ஒருபாலீர்ப்பு’ என்று சிலர் மாற்று சொல்கிறார்கள். ‘அமைந்தொருபால் கோடாமை’ என்ற குறளில் ஒருபால் என்பது ஒரு பக்கம். ஆகவே அந்தச் சொல்லிலும் இதே சிக்கல்தான். ‘ஈர்ப்பாளர்’ என்பதும் வேண்டாம். அது ஈர்ப்பவரைக் குறிக்கும். ‘ஈர்ப்பினர்’ போதும்.

அந்தப் பின்னட்டையில் ‘மெல்ல எரியும்’ என்று வேறு இருக்கிறதே! மெதுவாக வளரும் காதல் கதையை ஆங்கிலத்தில் ‘ஸ்லோ பர்ன்’ என்பார்கள்; அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வினை. ஹாலிவுட்டில் அது முதலில் காதலையே குறிக்கவில்லை. 1920, 30களின் நகைச்சுவை நடிகர் எட்கர் கென்னடி, முகத்தில் கோபத்தைப் படிப்படியாக ஏற்றிக் காட்டுவதில் பெயர் பெற்றவர். அதற்குத்தான் அந்தப் பெயர். தமிழிலும் எரிவது வயிறு, எரிச்சல் என்பது கோபம். காதலுக்கு நம்மிடம் அரும்புதலும் கனிதலும் இருக்கின்றன. ‘காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்’ என்கிறார் வள்ளுவர். அது பிரிவில் ஒரே நாளில் முற்றும் துயரம்தான். ஆனாலும் அரும்பு, போது, மலர் என்ற அந்தப் படிகளில்தான் இந்த நாவல் முழுவதும் நடக்கிறது. தீயே வேண்டுமென்றால் உமித்தீ என்று எழுதியிருக்கலாம். வெளியே சுடர் தெரியாது, உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கும்.

‘முக்கோணக் காதல்’ ஒன்றுதான் தப்பித்தது, அதுவும் தற்செயலாக. ஒரு பெண்ணை இரண்டு ஆண்கள் விரும்பும் வழக்கமான கதையில் காதல் கோடுகள் இரண்டுதான். மூன்றாவது கோடு போட்டி. அதைக் காதல் முக்கோணம் என்பது கணக்குப்படி தவறு. மூவரும் ஆண்களாக இருக்கும் இந்தக் கதையிலோ, போட்டியாளர்கள் இருவரும் நூலகத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து, நடுவில் காலியாகக் கிடக்கும் நாற்காலியை மறந்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மாலை வருகிறது. பின்னட்டை எழுதியவர் அந்த அத்தியாயம்வரை வந்ததாகத் தெரியவில்லை.