பேட்டரிக்கு மின்கலம் என்று எழுதாதீர்கள்

"மின்கலத்தில் உள்ள ஒரு மின்கலம் பழுதடைந்தால் மின்கலத்தை மாற்றவும்." சோலார் விளக்குப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தமிழ்க் கையேட்டில் இப்படி ஒரு வாக்கியம். அதே தாளில் நாலு வரி மேலே, "சூரிய மின்கலத்தை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கவும்" என்று இருக்கிறது. ஆக மின்கலம் என்றால் பேட்டரி, அதற்குள் இருக்கும் செல், கூரைமேல் வெயில் வாங்கும் பேனல் ஆகிய மூன்றும். களக்காட்டுப் பக்கம் வாழைக்குள் பன்றி இறங்காமல் இருக்க விளக்குப் போட்டவர், ராத்திரி எட்டு மணிக்கே அது அணைந்தால் இந்தத் தாளை வைத்துக்கொண்டு எதைத் திறந்து பார்ப்பார்? ஈரத்துணியை எதன்மேல் போடுவார்?

பேட்டரி என்ற சொல்லுக்கு வேர், அடித்தல் என்னும் பொருளுள்ள லத்தீன் வினை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கோட்டையை அடிக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்குப் பெயரானது. 1749இல் பெஞ்சமின் பிராங்க்ளின், கண்ணாடித் தகடுகளில் மின்சாரத்தைத் தேக்கிப் பலவற்றை ஒன்றாக இணைத்தபோது, அந்தக் கூட்டத்துக்கு இந்தப் பெயரை வைத்தார். வோல்டா 1800இல் உலோக வில்லைகளை அடுக்கிக் காட்டினார். பிளாண்டே 1859இல் திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய ஈய அமில வகையைச் செய்தார். வரலாறு இவ்வளவு போதும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து வேலை செய்கின்றன என்பதே அந்தப் பெயருக்குள் இருக்கும் பொருள்.

கலம் என்பதற்கு அந்தப் பொருள் இல்லை. உண்கலம், மரக்கலம், கொள்கலம் எல்லாமே ஒரு கொள்ளிடத்தைச் சுட்டுகிறவை. பன்னிரண்டு மரக்கால் நெல்லைக் கொள்ளும் அளவுக்கும் கலம் என்றுதான் பெயர். ஆகவே அமிலமும் இரண்டு தகடுகளும் அடங்கிய ஒரு சிறு அறைக்கு மின்கலம் என்று பெயர் வைத்தவர் நல்ல தமிழறிவு உள்ளவர். ஈழத்துப் பாடநூல்களில் உயிரணுவுக்கும் கலம் என்றே எழுதுகிறார்கள். அதுவும் அடிப்படை அலகு, ஒற்றை அறை. இந்த அழகான சொல்லை எடுத்து ஆறு அறைகள் சேர்ந்த பெட்டிக்குச் சூட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதைச் சொல்லாராய்ச்சிக்காரரின் வீண் பிடிவாதம் என்று நினைத்தால், ஒரு பழுதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்குள் ஆறு மின்கலங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட். முழுதாக ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்தபின் மல்டிமீட்டரில் 12.6, 12.7 என்று காட்டும். 12.1க்குப் பக்கத்தில் நின்றால் பாதிதான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலு நாள் வெயில் முகம் காட்டாவிட்டால் இப்படி ஆகும். அது பழுதல்ல, வெயில் வந்தால் ஏறிக்கொள்ளும். ஆனால் நல்ல வெயில் அடித்த மறுநாள் விடியக்காலையிலும் 10.5ஐ ஒட்டியே நிற்கிறது என்றால் ஒரு மின்கலம் செத்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். ஆறில் ஒன்று போனால் 2 வோல்ட் போகும்; கணக்கு அப்படியே பொருந்துகிறது. இதற்குமேல் எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பழைய 14.4 வோல்ட்டுக்குத் தள்ளப் பார்க்கும், மீதி ஐந்தும் அளவுக்கு மீறி ஏறிச் சூடாகித் தண்ணீர் வற்றும். மூடி திறக்கும் வகையாக இருந்தால் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை வைத்து ஆறையும் தனித்தனியே பார்க்கலாம். ஐந்து 1.265ஐ ஒட்டி நின்று ஒன்று மட்டும் வெகுவாகக் கீழே கிடந்தால், போனது அதுதான். முனையில் பச்சையாகப் பூத்திருப்பதைச் சுரண்டித் துடைப்பதெல்லாம் இதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் இன்னும் கூர்மையாகத் தெரியும். 3.2 வோல்ட் மின்கலங்கள் நாலு தொடராக இணைந்து 12.8. அவற்றில் ஒன்று மட்டும் மிகவும் இறங்கினாலும் உள்ளிருக்கும் காவல் சுற்று மொத்தப் பெட்டியையும் துண்டித்துவிடும். மூன்று நன்றாக இருக்கும்போதே விளக்கு பட்டென்று அணையும். ஒரு மின்கலத்துக்காக முழு அடுக்கும் நிற்கிறது என்ற இந்த ஒற்றைச் செய்தியை, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த மொழியில் எப்படிச் சொல்வது?

நம் ஊர் வாய்மொழி இதில் மொழிபெயர்ப்பாளர்களைவிடத் தெளிவாக இருந்தது. பிசான நெற்பயிருக்கு ராத்திரி தண்ணீர் திருப்பப் போகிறவர்கள் கையில் இருந்த டார்ச்சு லைட்டைப் பேட்டரி என்றார்கள். உள்ளே போடுவதைக் கட்டை என்றார்கள். மூணு கட்டை பேட்டரி, அஞ்சு கட்டை பேட்டரி என்று கடையில் கேட்டு வாங்கினார்கள். முழுப்பொருளுக்கு ஒரு பெயர், உறுப்புக்கு ஒரு பெயர். இன்றைக்கும் பாளையங்கோட்டையில் பேட்டரிக் கடையில் "அண்ணாச்சி, சார்ஜ் நிக்க மாட்டக்கு" என்று கொண்டுபோய் வைத்தால், பார்த்துவிட்டு "ஒரு செல்லு போயிட்டு" என்பார்கள். செல்லும் பேட்டரியும் அவர்கள் வாயில் குழம்புவதில்லை. தூய தமிழில் எழுத உட்கார்ந்தவர்களிடம்தான் குழம்புகிறது.

ஒற்றைச் செல்லையும் ஆங்கிலத்தில் பேட்டரி என்கிறார்களே என்று மறுப்பு வரும். உண்மைதான், சுவர்க்கடிகாரத்தில் போடுகிறதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சில் நெகிழ்ந்துபோனதை நாம் கலைச்சொல்லிலும் ஏன் நெகிழ்த்த வேண்டும்? இத்தனைக்கும் மின்கலம் என்று எழுதினால் மிகச் சரியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. முற்றத்தில் குத்தி வைக்கும் சின்னஞ்சிறு சோலார் விளக்குகள் பலவற்றில் 1.2 வோல்ட் நிக்கல் வகை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது மின்கலமேதான். விளக்கு மங்கினால் அதை மாற்றினால் போதும். ஆனால் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் உலர்கலத்தைப் போடக்கூடாது. அது திரும்ப ஏற்றுவதற்கானதல்ல, கசிந்து விளக்கையே கெடுக்கும்.

சேமக்கலம் என்ற சொல்லை முன்வைப்பவர்கள் உண்டு. எனக்கும் பிடித்த சொல். திரும்ப ஏற்றிச் சேமிக்கலாம் என்ற குணத்தை அது சொல்கிறது, எத்தனை அறை என்பதைச் சொல்லவில்லை. அந்த 1.2 வோல்ட் ஒற்றையும் சேமக்கலம்தான். இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பெட்டி சேமக்கலங்களின் அடுக்கு. பாடநூல்கள் இதே வகையைத் துணை மின்கலம் என்கின்றன. யாருக்குத் துணை? முதலில் வேறொன்றிடமிருந்து மின்சாரம் வாங்கிக்கொண்டு பிறகு தருவது என்பது செகண்டரி செல் என்ற ஆங்கில மூலச்சொல்லின் கருத்து. துணை என்றதும் படிக்கிற பிள்ளை, பெரிய கலத்துக்குப் பக்கத்தில் உதவிக்கு நிற்கும் சிறியது என்றுதான் நினைக்கும். சேமக்கலம் இருக்க இது எதற்கு?

பேட்டரிக்கு மின்கல அடுக்கு என்று பாடநூல்களிலேயே நல்ல சொல் இருக்கிறது. பெட்டிக்குள் அறைகள் பக்கம் பக்கமாகத்தானே இருக்கின்றன, ஒன்றன்மேல் ஒன்றாக இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். அலமாரியில் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வைப்பதையும் அடுக்குவது என்றுதான் சொல்கிறோம். ஒழுங்காகச் சேர்த்து வைப்பது அடுக்கு. நீளம் என்று தோன்றினால் கல அடுக்கு என்று குறைத்துக்கொள்ளலாம். அதுவும் வேண்டாம் என்றால் பேட்டரி என்றே எழுதுங்கள். தவறான தமிழ்ச்சொல்லைவிடச் சரியான கடன்சொல் எவ்வளவோ மேல்.

இப்போது கணினியே மொழிபெயர்த்துக் கொடுப்பதை அப்படியே அச்சுக்கு அனுப்புகிறார்கள். சார்ஜ் என்பது கட்டணம் ஆகிவிடுகிறது, "மிதவைக் கட்டணம் 13.6 வோல்ட்" என்று வாசிக்கிறவர் மின்வாரிய பில்லை நினைத்துக்கொள்வார். மூலத்தில் அது ஃப்ளோட் சார்ஜ், பேட்டரி நிறைந்தபின் குறையாமல் காக்கும் நிறைகாப்பு மின்னேற்றம். வேலை தெரிந்த ஒருவரிடம் தாளைக் கொடுத்து, இதை வைத்துப் பழுது பார்க்க முடியுமா என்று அச்சுக்கு முன் கேட்டிருந்தால் போதும். பேட்டைத் தெருவிலேயே அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.