முன்பாரம்: பெரிய கேரவன் டிரெய்லரை எந்த வண்டி இழுக்கும்?

பாலாற்று மணலை ஏற்றிய மாட்டு வண்டிக்காரர், வண்டியை நிரப்பி முடித்ததும் உடனே மாட்டைப் பூட்டிவிட மாட்டார். முதலில் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். தானாக மேலே எழும்பினால் பின்பாரம். அப்படியே பூட்டினால் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். தூக்கவே முடியாமல் அழுத்தினால் முன்பாரம் அதிகம், கழுத்து புண்ணாகும். நாலு கூடை மணலை முன்னும் பின்னுமாகத் தள்ளி, நுகம் கழுத்தில் அளவாக உட்காரும்படி செய்த பிறகுதான் வண்டி நகரும்.

கேரவன் டிரெய்லரை இழுக்க வண்டி தேடுபவர் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான். இங்கே கேரவன் என்பது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வேன் அல்ல. படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் இருந்தும் சொந்த எஞ்சின் இல்லாத, கொக்கியில் மாட்டி இழுக்கும் சக்கர வீடு. 22 அடி, 24 அடி நீளம் என்றால் சாமான், தண்ணீரோடு இரண்டரை டன்னைத் தாண்டிவிடும். இந்தக் கட்டுரையின் கணக்குகளுக்கு 2,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

வண்டி வாங்கப் போனால் விற்பனையாளர் முதலில் சொல்வது இழுக்கும் திறன். இந்த மாடல் மூன்று டன் இழுக்கும், அந்த மாடல் மூன்றரை டன் இழுக்கும் என்பார். எண் பொய்யல்ல. ஆனால் அந்த எல்லையை எட்டுவதற்கு வெகு முன்பே வேறு இரண்டு எல்லைகள் முடிந்துபோகும். ஒன்று கொக்கியில் விழும் முன்பாரம், இன்னொன்று பிரேக்.

டிரெய்லரின் மொத்த எடையில் எவ்வளவு கொக்கியை அழுத்த வேண்டும்? அமெரிக்காவில் பெரிய டிரெய்லர்களுக்கு 10 முதல் 15 சதவீதம் வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 10 சதவீதம் பொதுக் கணக்கு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவு. ஆனால் அங்கே டிரெய்லரும் சிறிது, வேகமும் கட்டுப்பாட்டில் இருக்கும். நம் 2,700 கிலோவுக்கு 12 சதவீதம் வைத்தால் 324 கிலோ. நாலைந்து பேர் டிக்கிக்குப் பின்னால், பம்பர் மேல் ஏறி நிற்பதற்குச் சமம்.

இந்த 324 கிலோ வண்டியின் சுமைக் கணக்கில்தான் சேரும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடை இருக்கும்: காலி எடை, சுமையோடு சேர்த்து வண்டி தாண்டக் கூடாத மொத்த எடை. பெரிய டீசல் எஸ்.யு.வி. ஒன்றுக்குக் காலி எடை 2,150 கிலோ, மொத்த எடை 2,735 கிலோ என்று கொள்வோம். மிச்சம் 585. நாலு பெரியவர்கள் 280 கிலோ, கொக்கிச் சட்டம் 30, டிக்கியில் சாமான் 60. இப்போது 215 கிலோதான் பாக்கி. நமக்கு வேண்டியது 324. தலைகீழாகப் போட்டால், 215 கிலோ முன்பாரம் தாங்கும் வண்டி 12 சதவீதக் கணக்கில் 1,790 கிலோ டிரெய்லரைத்தான் இழுக்கலாம். விளம்பரத்தில் மூன்று டன் இழுக்கும் வண்டி, குடும்பத்தோடு கிளம்பும்போது இரண்டு டன்கூட இழுக்கத் தகுதியில்லாமல் போவது இப்படித்தான்.

விளம்பர எண் எப்படி வந்தது என்று பார்த்தால் இதன் காரணம் புரியும். அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஜே 2807 என்ற தரநிலைப்படி இழுவைத் திறனைச் சோதிக்கிறார்கள். அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏ.சி.யை முழுதாக வைத்து வண்டி ஏற வேண்டும். 12 சதவீதச் சரிவில் நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டுமே இருப்பதாகக் கணக்கு. அம்மா, அப்பா, பிள்ளைகள், புளியோதரைப் பாத்திரம் எதுவும் அதில் இல்லை.

இன்னொன்று, ஒரே பெயரில் விற்கும் வண்டிக்கு நாட்டுக்கு நாடு இழுவை எண் மாறும். டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப் ஆஸ்திரேலியாவில் பிரேக் உள்ள டிரெய்லரோடு 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி பெற்றது. அதை இணையத்தில் படித்துவிட்டு இங்கே வாங்கக் கூடாது. இங்கே விற்கும் வண்டியின் கையேட்டில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் கணக்கு. கையேட்டில் இழுவை எண்ணே இல்லையென்றால், கம்பெனி அந்த வண்டியை இந்த வேலைக்கு உத்தரவாதம் தரவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, 324 கிலோ கொக்கியில் அழுத்தும்போது வண்டிக்கு என்ன ஆகிறது? கொக்கி பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே இல்லை, அதற்கும் பின்னால் 1.2 மீட்டரில் இருக்கிறது. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைவெளி 2.75 மீட்டர். பூங்காவில் இருக்கும் சீசா பலகை போலத்தான்: பின் ஆக்ஸில் தாங்குபுள்ளி, கொக்கி கீழே போனால் முன்பக்கம் மேலே வரும். 324-ஐ 1.2-ஆல் பெருக்கி 2.75-ஆல் வகுத்தால் 141. அதாவது முன் சக்கரங்கள் 141 கிலோ இலேசாகிவிடும். பின் ஆக்ஸில் 324 அல்ல, 465 கிலோ கூடுதலாகச் சுமக்கும். ஸ்டியரிங் பிடிப்பதும் பிரேக்கில் பெரும்பங்கு வேலை செய்வதும் முன் சக்கரம். அதுதான் இலேசாகிறது. இரவில் ஹெட்லைட் எதிரில் வரும் லாரி ஓட்டுநரின் கண்ணில் போய் அடிக்கும். முன்சக்கர இழுவை உள்ள கார்களை இந்த வேலைக்கு வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: ஏற்றத்தில் எந்தச் சக்கரம் தரையைப் பிடிக்க வேண்டுமோ அதுவே தூக்கிக்கொண்டு சுழலும்.

இதற்கு ஒரு மாற்று, எடையைப் பங்கிடும் கொக்கி. இரண்டு தடித்த ஸ்பிரிங் கம்பிகளை முறுக்கேற்றி, கொக்கியை நெம்புகோல் போல மேல்நோக்கி வளைக்கும். முன் ஆக்ஸில் இழந்ததில் பெரும்பகுதி திரும்ப வரும்; கொஞ்சம் டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் போகும். ஆனால் முன்பாரம் அதனால் காணாமல் போகாது, வண்டியின் மொத்த எடை வரம்பையும் அது உயர்த்தாது.

அப்படியானால் முன்பாரத்தைக் குறைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? இங்குதான் மணல் வண்டியின் பின்பாரம் ஞாபகம் வர வேண்டும். டிரெய்லரின் பின்புறம் கனத்தால் அது ஊசல் போல ஆடத் தொடங்கும். ஒரு குறிப்பிட்ட வேகம் வரை ஒவ்வொரு ஆட்டமும் தானே அடங்கும். அந்த வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். வால் நாயை ஆட்டும் கதை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி முந்தும்போது, அதன் மூக்கு தள்ளும் காற்று டிரெய்லரை முதலில் வெளியே நெட்டும். லாரியின் உடல் கடக்கும்போது உள்ளே இழுக்கும். அந்த ஒரு தட்டல் போதும்.

தாங்களாகவே செய்துகொள்ளும் மாற்றங்களில் நடக்கும் தவறு ஒன்று சொல்கிறேன். 195 கிலோ புல்லட்டை டிரெய்லரின் பின்னால் ஸ்டாண்டு வைத்துக் கட்டுகிறார்கள். டிரெய்லர் ஆக்ஸிலுக்கு 3 மீட்டர் பின்னால் அது நிற்கிறது. ஆக்ஸிலுக்கும் கொக்கிக்கும் 4.5 மீட்டர். முன்பாரத்தில் 130 கிலோ குறைந்துவிடும். 324 இருந்தது 194 ஆனது, டிரெய்லரோ 2,895 கிலோ ஆனது. 12 சதவீதம் ஏழுக்கும் கீழே வந்துவிட்டது. நிற்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. தண்ணீர்த் தொட்டி ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால் அதுவும் இப்படித்தான், 100 லிட்டர் 100 கிலோ. டிரெய்லர் கட்டும் பட்டறையில் தொட்டியை ஆக்ஸிலுக்கு மேலேயே வைக்கச் சொல்லுங்கள்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் வெட்டக் கூடாது, வண்டியின் பிரேக்கை மிதிக்கவும் கூடாது. மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். டிரெய்லருக்கு மின்சார பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் கொடுக்க வேண்டும். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் வால் நேராகும். ஆக்ஸில் இடைவெளி நீளமாக உள்ள வண்டியை வால் அவ்வளவு எளிதில் ஆட்ட முடியாது. 2.75 மீட்டர் எஸ்.யு.வி.யைவிட 3 மீட்டருக்கு மேல் உள்ள டபுள் கேப் பிக்கப் இந்த வேலைக்குப் பொருந்துவது அதனால்தான்.

எஞ்சினைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 5,400 கிலோ. 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலையில் மணிக்கு 30 கி.மீ. போகச் சக்கரத்தில் 45 குதிரைத்திறனுக்குள்தான் தேவை. சமதளத்தில் 80 கி.மீ.க்கு ஏறத்தாழ 50. ஆனால் 100 கி.மீ. போனால் 85-ஐத் தாண்டும், ஏனெனில் சுவர் போன்ற முன்முகம் காற்றைக் கிழிக்க வேண்டும். டீசலைக் குடிப்பது எடையைவிடக் காற்று. உண்மையில் வேகுவது கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக்கில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் நழுவும்போது அந்த எண்ணெய் சூடேறும். வேலூர் மே மாத வெயிலில் அதற்குத் தனிக் குளிர்விப்பான் இல்லாமல் போகக் கூடாது. இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் உள்ள வண்டி மேட்டில் ஊர்ந்தே போனால் கிளட்சு கருகும்.

இனி பிரேக். ஏலகிரியை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் உள்ள பொன்னேரியிலிருந்து மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள், உயர வேறுபாடு சுமார் 600 மீட்டர். 5,400 கிலோவை அவ்வளவு உயரம் தூக்கிய ஆற்றல் 32 மெகாஜூல், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் டீசலில் அடங்கியது. ஏறும்போது எஞ்சின் கொடுத்தது; இறங்கும்போது யாராவது அதை வாங்கிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் காற்றும் டயரும் வாங்கும். மிச்சம் எஞ்சின் பிரேக்குக்கும் டிஸ்குக்கும். முழுவதையும் நாலு சக்கரத்திலும் சேர்த்து 45 கிலோ வார்ப்பிரும்பு டிஸ்குகள் மட்டுமே வாங்கி, காற்று குளிர்விக்காமல் இருந்தால் சூடு 1,400 டிகிரி ஏறும், வார்ப்பிரும்பு உருகும் சூட்டுக்கும் மேல். அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிப் பழசானால் 155 போதும். கொதித்த ஆயிலில் குமிழி, குமிழி அமுங்கும், மிதி பஞ்சு போலத் தரை வரை போகும்.

எனவே டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். முட்டு பிரேக் எனப்படும் வகை, டிரெய்லர் முன்னால் வந்து முட்டும் விசையிலேயே வேலை செய்யும். சமதளத்துக்கு நல்லது, நீண்ட இறக்கத்தில் முழு நேரமும் முட்டிக்கொண்டே இருப்பதால் லைனிங் சூடாகும். மின்சார பிரேக்கை ஓட்டுநர் தனியாக இயக்கலாம், இரண்டரை டன்னுக்கு மேல் அதைத்தான் சொல்வேன். கொக்கி கழன்றால் பிரேக் தானே பிடிக்கும் பாதுகாப்புக் கம்பியும் வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கை விட்டு விட்டு அழுத்த வேண்டும், தேய்த்துக்கொண்டே வரக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் 24 அடி டிரெய்லரை ஏலகிரிக்கு மேலே ஏற்றாதீர்கள். கொக்கி 10 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது, 5 மீட்டர் பின்னால் உள்ள டிரெய்லர் ஆக்ஸில் 1.3 மீட்டர் உள்ளே வெட்டும். புலவர் பெயரும் வள்ளல் பெயரும் வைத்த அந்த வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் பின்னுக்கு எடுப்பது லேசான காரியமல்ல. டிரெய்லரை அடிவாரத்தில் விட்டுவிட்டு வண்டியில் மட்டும் மேலே போங்கள்.

கொக்கியைப் பட்டறையில் செய்து மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். பம்பரில் வெல்டு வைத்த கொக்கி தள்ளுவண்டிக்குக்கூட வேண்டாம். சேசிஸ் சட்டத்தில், கம்பெனி விட்டிருக்கும் துளைகளில், 8.8-க்குக் குறையாத தரத்துப் போல்ட்டில் நிற்க வேண்டும். உயர்வலு எஃகுச் சட்டத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் பிறகு விரிசல் விடும். கொக்கியின் உருண்டைக் குண்டு 50 மில்லிமீட்டரா, அமெரிக்க 50.8-ஆ என்று அளந்து, அதைக் கவ்வும் டிரெய்லர் கப்பும் அதே அளவா என்று பாருங்கள். முக்கால் மில்லிமீட்டர்தானே என்று சுத்தியலால் தட்டி உட்கார வைத்தது வழியில் கழலும். பின் டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்ணையும் படியுங்கள்: 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ, 116 என்றால் 1,250. டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும், அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது.

கடைசியாக எடைமேடை. ராணிப்பேட்டை சிப்காட் பக்கமோ, ஆற்காடு அரிசி ஆலைகள் பக்கமோ தேடினால் கிடைக்கும். எல்லாரும் உட்கார்ந்து, தொட்டி நிரப்பி, ஊருக்குக் கிளம்பும் அதே சாமானோடு போங்கள். டிரெய்லரை மாட்டியபடியே, வண்டியின் முன் சக்கரம் மட்டும் மேடையில் ஏற ஒரு சீட்டு. பின் சக்கரமும் ஏறி, டிரெய்லர் சக்கரம் கீழே நிற்க இரண்டாவது. மூன்றும் மேலே ஏற மூன்றாவது. பிறகு டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியை மட்டும் ஏற்றி நான்காவது. அப்போதும் முன் சக்கரத்தைத் தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; முதல் சீட்டோடு ஒப்பிட்டால் முன் சக்கரம் எவ்வளவு இலேசானது என்று தெரியும். இரண்டாவதிலிருந்து நான்காவதைக் கழித்தால் முன்பாரம். மூன்றாவதிலிருந்து நான்காவதைக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை. இரண்டாவது சீட்டு ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டியிருந்தால், சாமானை இறக்குங்கள் அல்லது சிறிய டிரெய்லர் பாருங்கள். எஞ்சின் எத்தனை குதிரையானாலும் அந்த வண்டி அந்த டிரெய்லருக்கு ஆகாது.