காப்புரிமை விண்ணப்பத்தில் எதை மறைக்கக் கூடாது?

சில ஆண்டுகளுக்கு முன், வாழைநாரில் பலகை செய்யும் ஒருவர் காப்புரிமைக்காக என்னிடம் வந்தார். அவரே எழுதி வந்த வரைவில் ஒரு வரி: "நாரையும் பசையையும் தகுந்த அளவில் கலந்து, போதிய சூட்டில் அழுத்த வேண்டும்." எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "அதுதானே சார் தொழில் ரகசியம்" என்றார். சட்டைப் பையில் இருந்த குறிப்பேட்டில் எல்லாமே இருந்தது. ஐந்து டிகிரி கூடினால் ஓரம் கருகும். குறைந்தால் பலகை ஏடு ஏடாகப் பிரியும். அவருடைய கண்டுபிடிப்பே அந்தக் குறிப்பேட்டில்தான் இருந்தது, விண்ணப்பத்தில் இல்லை.

அரசு 20 ஆண்டு உரிமை தருவது சும்மா இல்லை. காலம் முடிந்ததும் பிறரும் செய்துகொள்ளும்படி முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும். நம் காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவு, விண்ணப்பதாரருக்குத் தெரிந்ததிலேயே சிறந்த செய்முறையைக் கேட்கிறது. இரண்டாந்தர முறையை எழுதிவிட்டு நல்லதை ஒளித்தால், 64ஆம் பிரிவின்கீழ் போட்டியாளர் உரிமையையே ரத்து செய்யக் கேட்கலாம். விண்ணப்பமோ 18 மாதத்தில் வெளியாகிவிடும். பாதி ரகசியமும் போய், உரிமையும் போகும். சொல்ல மனமே இல்லையென்றால் விண்ணப்பிக்காமல் இருப்பதே மேல்.

சரி, யாருக்குப் புரியும்படி எழுதுவது? அத்துறையில் சராசரித் திறனும் அறிவும் உள்ளவருக்கு. ஹைட்ராலிக் பிரஸ்ஸை ஓட்ட அவருக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் சரியான சூட்டை அவரே ஆராய்ச்சி செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் விவரம் போதாது.

உரிமையை அகலமாகக் கேட்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. மின்விளக்கு இழைக்காக சாயர், மேன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்கள் இருவரும் கரியாக்கிய எல்லா நார்ப்பொருளுக்கும் உரிமை கேட்டார்கள். அவர்கள் கையில் இருந்ததோ கரியாக்கிய காகிதம். எடிசன் தரப்பு 6000க்கு மேற்பட்ட தாவர வகைகளைச் சோதித்தும், மூங்கில் போன்ற சிலவே இழைக்குச் சரிப்பட்டன. அதனால் 1895இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாயர், மேன் கோரிக்கையை ஏற்கவில்லை.

நம்மவரும் "எல்லா இயற்கை நார்களும்" என்றுதான் கேட்டிருந்தார். செய்து பார்த்தது வாழை மட்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாமே என்றார். கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் ஆவணமான முழு விவரணத்தில் இல்லாத புது விஷயத்தைப் பின்னால் நுழைக்க 59ஆம் பிரிவு விடாது. அதனால் முதற்கட்ட விளக்கமான தற்காலிக விவரணத்தைத் தாக்கல் செய்தோம். முழுதாக எழுத அது 12 மாத அவகாசம் தரும். கற்றாழை நாரிலும் தென்னை நாரிலும் செய்து, அளவுகளை எழுதி வரச் சொன்னேன்.

நான்கு மாதத்தில் வந்தார். கற்றாழை நார் நன்றாக ஒட்டியிருந்தது. தென்னை நார் எந்தச் சூட்டிலும் ஒட்டவில்லை. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் கோரிக்கையில் வாழையையும் கற்றாழையையும் மட்டும் எழுதினோம்.