வெளிப்பாட்டியும் ஆயிரம் பொன்னும்

சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் சீனாவின் ஷாங் வம்ச அரசர் வூ டிங், கருவுற்றிருந்த தன் மனைவி ஃபூ ஹாவுக்காகக் குறி கேட்டார். ஆமை ஓட்டைச் சூடாக்கி, அதில் விழும் விரிசலைப் பார்த்துச் சொல்லும் குறி அது. கேள்வியும் பலனும் ஓட்டிலேயே பொறிக்கப்பட்டன. 31 நாள் கழித்துக் குழந்தை பிறந்தது. 'நல்லதாக இல்லை, பெண்' என்று முடிகிறது குறிப்பு. இத்தனைக்கும் ஃபூ ஹாவ் படை நடத்திப் போனவர். ஆன்யாங்கில் 1976இல் கிடைத்த அவர் கல்லறையில் வெண்கலப் போர்க்கோடரிகள் இருந்தன.

'ஷி ஜிங்' என்ற பழைய பாடல் தொகுப்பில் இதே எண்ணம் தாலாட்டு போல மென்மையாக வருகிறது. ஆண் குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, விளையாட ஜேடு கல்லாலான சடங்குச் சின்னத்தைத் தருகிறார்கள். பெண் குழந்தையைத் தரையில் கிடத்தி, நூல் நூற்கும் தக்ளியின் சுடுமண் வில்லையைத் தருகிறார்கள். பிற்காலத்தில் 'ஜேடோடு விளையாடும் மகிழ்ச்சி', 'வில்லையோடு விளையாடும் மகிழ்ச்சி' என்பவை குழந்தை பிறந்த வீட்டுக்குச் சொல்லும் வாழ்த்துகளாயின.

ஏன் இப்படி? குடும்பப் பெயர் தந்தை வழியில் போனது. முன்னோருக்குச் சடங்கு செய்யும் பொறுப்பும் மகனுடையது. மகள் மணமாகிப் புகுந்த வீட்டைச் சேர்ந்துவிடுவாள். மொழி இந்தப் போக்குவரத்தை அப்படியே பதிந்து வைத்தது. பெண் மணமாகிப் போவது 'ஜியா': எழுத்தில் 'பெண்', 'வீடு' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆண் மணமுடிப்பது 'ச்யூ': 'எடு' என்ற எழுத்தின் கீழே 'பெண்'. மணமான மகள் வெளியே கொட்டிய தண்ணீர் என்கிறது பழமொழி. 'நஷ்டம் வைக்கும் சரக்கு' என்ற வசைச்சொல்லும் உண்டு.

என்னை அதிகம் உறுத்துவது வசை அல்ல, பாசத்தோடு சொல்லும் சொல்தான். அம்மாவின் அம்மாவைத் தென்சீனாவில் பரவலாக 'வாய்போ' என்பார்கள். 'வாய்' என்றால் வெளி; ஆக, வெளிப்பாட்டி. மகளின் மகன் 'வாய்சுன்', வெளிப்பேரன். நாமும் அம்மாச்சி, அப்பத்தா என்று பிரித்துச் சொல்கிறோம்; ஆனால் அதில் உள்ளே, வெளியே என்ற கோடு இல்லை. அங்கே பேசப் பழகும் குழந்தை அந்தக் கோட்டையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

சொற்கள் இடம் மாறுவதும் உண்டு. கன்ஃபூசியஸ் தன் மகளை மணமுடித்துத் தந்ததைச் சொல்லும் இடத்தில் 'ஸி' என்ற சொல் வருகிறது. அப்போது அது மகன், மகள் இருவருக்கும் பொது; பிறகு மகன் பக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்தவர் மகளை மரியாதையாகச் சொல்லும் 'சியென்ஜின்', அதாவது ஆயிரம் பொன், 5ஆம் நூற்றாண்டில் ஒரு தந்தை தன் மகனைப் புகழ்ந்த சொல். தன் மகனைப் பிறரிடம் 'நாய் மகன்' என்பதை இழிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பணிவு, அவ்வளவுதான்.

'ஜாவ்தி' என்ற பெயர் அப்படியல்ல. 'தம்பியை அழைத்து வா' என்று பொருள். 'லாய்தி' என்றால் 'தம்பியே வா'. இன்னும் பிறக்காத ஒருவனுக்கான வேண்டுதலை அந்தப் பெண் ஆயுள் முழுக்கத் தன் பெயராகச் சுமக்கிறாள்.

வீட்டுக்கு ஒரே குழந்தை என்று 1980 வாக்கில் அரசு கொண்டுவந்த திட்டம் இந்த எண்ணத்தை இரண்டு பக்கமும் இழுத்தது. ஊர்ப்புறங்களில் மகன் வேண்டும் என்ற வேகம் கருவிலேயே பெண்ணைக் கலைக்கும் கொடுமையானது. இயல்பாக 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறப்பார்கள். 2020 கணக்கெடுப்பில்கூட அது 111.3. நகரத்திலோ ஒரே மகளை மட்டும் பெற்ற வீடுகள் ஏராளமாயின. அங்கே மகள் பெற்றோரின் 'சின்னப் பஞ்சுச் சட்டை', குளிருக்கு இதம். மணமகன் வீட்டார்தான் வீடு வாங்க வேண்டும் என்பதால், மகன் 'கட்டுமான வங்கி', மகள் 'முதலீட்டை அழைக்கும் வங்கி' என்று இரண்டு வங்கிகளின் பெயரை வைத்து வேடிக்கையாகச் சொல்கிறார்கள். இந்த 'அழைக்கும்' என்பது ஜாவ்தியில் உள்ள அதே 'ஜாவ்'தான்.

அப்புறம், ஜியாங்சு, ஜெஜியாங் மாகாணங்களில் 'இருதலைத் திருமணம்' என்று ஒன்று பரவியிருக்கிறது. யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. ஒரு பிள்ளைக்குத் தந்தையின் குடும்பப் பெயர், இன்னொன்றுக்குத் தாயின் குடும்பப் பெயர். அந்த வீடுகளில் பிள்ளைகள் இரண்டு பாட்டிகளையும், அப்பாவின் அம்மாவுக்கு உரிய 'நைநை' என்ற சொல்லாலேயே கூப்பிடுகிறார்கள். வாய்போ என்று அங்கே யாரும் இல்லை.