வெந்நீர் சுமந்துவரும் தங்கம்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ரொட்டோருவா நகருக்குத் தெற்கே, வையோட்டாப்பு என்ற இடத்தில் ஷாம்பெயின் பூல் என்றொரு வெந்நீர்க் குளம் இருக்கிறது. குறுக்களவு 65 மீட்டர், ஆழம் 62 மீட்டர். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் நிலத்தடி வெந்நீர் வெடித்துக் கிளம்பியதில் உண்டான பள்ளம் அது. மேல்மட்டத் தண்ணீரே 75 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். கரியமில வாயு ஓயாமல் குமிழியிட்டு மேலே வரும். தண்ணீர் பச்சை, கரை அடர் ஆரஞ்சு. அந்த ஆரஞ்சுப் படிவைச் சோதித்துப் பார்த்தால், டன்னுக்கு 80 கிராம் வரை தங்கமும் 175 கிராம் வரை வெள்ளியும் இருக்கின்றன. டன்னுக்கு ஓரிரு கிராம் தங்கம் கிடைத்தாலே திறந்தவெளிச் சுரங்கங்கள் நடக்கும் காலம் இது.

அதற்காக யாரும் மண்வெட்டியோடு கிளம்ப வேண்டியதில்லை. படிவு மிகக் கொஞ்சம். கூடவே ஆர்சனிக், ஆன்டிமனி, பாதரசம், தாலியம் என்று நச்சு உலோகங்களின் ஒரு பட்டியலே அதில் கலந்திருக்கிறது. சுரங்கக் கணக்கில் இந்த இடத்துக்கு மதிப்பில்லை. ஆனாலும் பெரிய சுரங்கங்களைவிட இப்படிப்பட்ட சின்ன இடங்கள்தான் நமக்கு அதிகம் கற்றுத்தருகின்றன என்று நான் நினைக்கிறேன். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்ததைச் சுரங்கத்தில் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இங்கே அது இப்போதே நடந்துகொண்டிருக்கிறது.

பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. நியூசிலாந்தின் இந்தப் பகுதிக்கு அடியில் பசிபிக் தட்டு, ஆஸ்திரேலியத் தட்டின் கீழே நழுவி இறங்குகிறது. அதனால் மேலெழும் பாறைக்குழம்பு, சில கிலோமீட்டர் ஆழத்திலேயே பாறைகளைச் சூடாக்கிவைத்திருக்கிறது. மழைநீர் விரிசல்கள் வழியாக அந்த ஆழம் வரை இறங்கிச் சூடேறி, கந்தகமும் குளோரினும் கலந்து, மீண்டும் மேலே வருகிறது. வரும் வழியில் தங்கத்தையும் வெள்ளியையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது.

தங்கம் கரையுமா என்று கேட்கலாம். வெறும் தண்ணீரில் கரையாது. அந்த நீரில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகளின் கந்தக நெடிக்குக் காரணமான அதே வாயு. அதிலிருந்து பிரியும் கந்தக அயனிகள் இரண்டு, தங்க அணு ஒன்றை இருபுறமும் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி இருக்கும்வரை தங்கம் நீரோடு போகும். வெள்ளிக்குக் கந்தகமும் துணை, குளோரினும் துணை. ஆகவே ஒரே நீரில் வந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் இறங்க வேண்டும் என்பதில்லை.

எவ்வளவு தங்கம் கரைந்திருக்கும்? வையோட்டாப்புவிலிருந்து அதிக தூரமில்லாத ஓஹாக்கி புவிவெப்பக் களத்தில், ஆழத்து நீரில் கிலோவுக்குச் சுமார் 1.5 மைக்ரோகிராம் தங்கம் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது ஒரு டன் தண்ணீரில் 1.5 மில்லிகிராம். ஒரு பவுன் சேர 5,300 டன்னுக்கு மேல் தண்ணீர் வேண்டும். இவ்வளவு ஏழ்மையான நீரிலிருந்து தாது எப்படி உருவாகும்?

அதே ஓஹாக்கியின் ஆழ்துளைக் கிணறுகளிலேயே பதில் கிடைத்தது. நீராவிக்காகத் தோண்டிய கிணறுகள் அவை. மேலே வரும் நீரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தக் குழாயில் துளையிட்ட எஃகுத் தகடு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அந்தத் தகடுகளில் ஒட்டியிருந்த கறுத்த படலத்தை கெவின் பிரவுன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து, 1986இல் முடிவை வெளியிட்டார். படலத்தின் எடையில் சதவீதக் கணக்கில் தங்கம் இருந்தது. வெள்ளி அதைவிட அதிகம். குழாய் முழுக்க வந்த அதே நீர், தகட்டுக்கு முன்னால் தங்கத்தை விடவில்லை. தகட்டைத் தாண்டியதும் விட்டுவிட்டது.

தகட்டின் துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. நீர் கொதிக்கிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் வாயு பிய்த்துக்கொண்டு கிளம்புவதுபோல, கரைந்திருந்த ஹைட்ரஜன் சல்பைடு நீராவியோடு போய்விடுகிறது. பிடித்துக்கொண்டிருந்த கந்தகம் போனதும் தங்கத்துக்கு நீரில் இருக்க வழியில்லை. எதன்மேல் முடியுமோ அதன்மேல் படிகிறது. ஆக, நீர் எவ்வளவு தங்கம் சுமந்தது என்பதைவிட, அதை எவ்வளவு சின்ன இடத்தில் இறக்கியது என்பதுதான் தாதுவைத் தீர்மானிக்கிறது. ஷாம்பெயின் பூலில் வழி கொஞ்சம் வேறு. அங்கே ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் கந்தகத்தோடு சேர்ந்து ஆரஞ்சுத் துகள்களாகப் பிரிகின்றன. நீரில் மிச்சமிருக்கும் தங்கத்தை அந்தத் துகள்கள் தங்கள் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கின்றன.

இயற்கையில் எஃகுத் தகட்டின் வேலையைச் செய்வது பாறை விரிசல். நிலநடுக்கத்தில் விரிசல் திறந்தால் அழுத்தம் விழும், நீர் கொதிக்கும், தங்கமும், நீரில் கரைந்துவந்த சிலிக்காவும் படியும். சிலிக்கா குவார்ட்ஸ் கல்லாக இறுகி விரிசலை அடைத்துவிடும். அப்புறம் அடுத்த அதிர்வு வரை காத்திருக்க வேண்டும். இப்படி உருவான குவார்ட்ஸ் கல்லைக் கையில் வாங்கிப் பாருங்கள்: ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளையும் சாம்பலுமாக மெல்லிய பட்டைகள், இடையிடையே பென்சிலால் கிழித்ததுபோன்ற கருங்கோடுகள். வெள்ளி சல்பைடும், தங்கமும் வெள்ளியும் கலந்த எலெக்ட்ரமும் பெரும்பாலும் அந்தக் கருங்கோடுகளில்தான் இருக்கும். பக்கத்திலேயே பிளேடு பிளேடாகக் குறுக்கும் நெடுக்கும் நிற்கும் குவார்ட்ஸ் தெரிந்தால் இன்னும் நல்லது. கொதிக்கும்போது கரியமில வாயு வெளியேறுவதால் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் அப்படித் தகடு தகடாக வளரும். பின்னால் வந்த சிலிக்கா அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். இங்கே நீர் கொதித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

இதே செயல்முறை நீண்ட காலம் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அதே தீவின் வைஹி ஊரில் இருக்கும் மார்தா சுரங்கம் உதாரணம். சுமார் 60 லட்சம் ஆண்டுகள் பழைய படிவு. 1952இல் மூடப்படும்வரை 56 லட்சம் அவுன்ஸ் தங்கமும் 3 கோடியே 84 லட்சம் அவுன்ஸ் வெள்ளியும் கொடுத்தது. கோலார் தங்கம் இந்த வகையில் சேராது. அது பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், இதைவிட மிகப் பழைய காலத்தில் உருவானது.

காலமும் நீரின் வளமும் எப்படிக் கைகோக்கின்றன என்பதற்கு பப்புவா நியூ கினியின் லிஹிர் தீவைப் பார்க்கலாம். அங்கே ஆழத்து நீரில் கிலோவுக்குச் சுமார் 15 மைக்ரோகிராம் தங்கம், ஓஹாக்கியைப்போலப் பத்து மடங்கு. ஆண்டுக்கு 24 கிலோ தங்கம் மேலே வருகிறது என்று 2006இல் கணக்கிட்டார்கள். அந்த வேகத்தில், அங்கிருக்கும் மாபெரும் படிவு உருவாக 55,000 ஆண்டுகள் போதும். புவியியல் கணக்கில் அது மிகக் குறுகிய காலம்.

ஆகவே மலைச்சரிவில் சிறிதளவு தங்கமும் வெள்ளியும் காட்டும் குவார்ட்ஸ் கிடைத்தால், புவியியலாளர் முதலில் கேட்பது, நாம் நிற்பது கொதித்த இடத்துக்கு மேலேயா கீழேயா என்பதுதான். ஆர்சனிக், ஆன்டிமனி, பாதரசம் மூன்றும் மிகுந்து தங்கம் குறைவாக இருந்தால், இது படிவின் மேல்முனையாக இருக்கலாம். அடியில் துளையிட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. ஈயமும் துத்தநாகமும் செம்பும் தலைகாட்டினால், கொதித்த பகுதி மேலே இருந்து, அரிப்பில் எப்போதோ ஆற்றோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். இவ்வகைப் படிவுகள் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உருவாகுபவை என்பதால், மழையும் ஆறும் அவற்றை எளிதில் தின்றுவிடுகின்றன.