கெல்ப்னா கடற்புல் இல்லீங்க

"கலிபோர்னியாவில் அழியும் கடற்புல் காடுகள்"னு இந்த மாசத்துல மூணாவது தடவையா படிச்சிட்டேன், இனி வாய மூடிட்டு இருக்க முடியல. அங்க அழியறது கெல்ப்ங்கற பெரிய கடற்பாசி. அது புல்லே இல்ல, பழுப்புப் பாசி. கெல்ப்ங்கற சொல்லு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இங்கிலீஷ்லயே தெளிவில்ல, கண்ணாடிக்கும் சோப்புக்கும் பாசிய எரிச்சு எடுத்த சாம்பலுக்கும் ஒரு காலத்துல அதே பேருதான். சரி அத விடுங்க.

கடற்புல்னா பாக் நீரிணையில கடற்பசு மேயுதே, அது. வேர் இருக்கு, பூக்கும், மண்ணுலேர்ந்தும் சத்து எடுக்கும். கெல்ப்புக்கு வேர் கிடையாது, அடியில இருக்கறது பாறையக் கவ்விக்கற பிடிப்பு மட்டும்தான், சத்தெல்லாம் சுத்தியிருக்கற தண்ணியிலேர்ந்து உடம்பு வழியாவே உறிஞ்சிக்கும். ஆழத்துலேர்ந்து குளுந்த தண்ணி மேல ஏறி வந்தாத்தான் நைட்ரேட் கிடைக்கும், கடல் சூடானா அது கொறஞ்சு கெல்ப் பட்டினி. 2014லேர்ந்து 2016 வரைக்கும் அங்க அடிச்ச கடல் வெப்ப அலையில இதான் நடந்துச்சு, அதுக்கு முன்னாடியே 2013ல நோய் வந்து சூரியகாந்தி நட்சத்திர மீனுங்க சாக ஆரம்பிச்சதால அதுங்க தின்னுட்டிருந்த ஊதா கடல் முள்ளெலி (உடம்பெல்லாம் முள்ளா உருண்டையா இருக்கற கடல் பிராணி) பெருகி மிச்சத்தயும் மொட்டையடிச்சிடுச்சு. வட கலிபோர்னியாவுல 350 கிலோமீட்டர் கரையில 90 சதவீதத்துக்கு மேல காலி. புல்லுன்னு எழுதினா படிக்கறவங்க என்ன நினைப்பாங்க, வேர் இருக்கும், மழை பேஞ்சா துளிர்க்கும்னுதானே? அங்க இருந்தது பெரும்பாலும் ஒரு வருஷத்துப் பாசிங்க, வருஷா வருஷம் ஸ்போர்ங்கற நுண்வித்துலேர்ந்து புதுசா வரணும்.

இன்னொரு கோஷ்டி இங்கிலீஷ் 'சீவீட்'ட (sea கடல், weed களை) அப்படியே பெயர்த்து 'கடற்களை'ன்னு எழுதுது. களைன்னா பிடுங்கி எறியறது, அத ஏன்யா காப்பாத்தணும்? அகராதியில ஒரு ஒரு துண்டா பாத்து ஒட்டினா இப்படித்தான் வரும். ராமேஸ்வரம் பக்கம் பாசி எடுக்கற அம்மாக்கள் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, பகோடா பாசின்னு கண்ணால பாத்து பேர் வச்சிருக்காங்க. கெல்ப்போட தூரத்து சொந்தமான சார்காசத்துக்கு கட்டக்கோரைன்னு பேரு, அப்ப கடற்கோரைன்னே வைக்கலாமேன்னு கேப்பீங்க, ஆனா ஊருக்குள்ள கோரைன்னா பாய் முடையறதுதான், மறுபடி புல்லு பக்கமே போயிடும்.

தமிழ்லதான் வேணும்னா பெரும்பாசிக் காடு, இல்லன்னா பேசாம கெல்ப் காடுன்னே எழுதுங்க, தப்பே இல்ல. அந்த மூணாவது கட்டுரையில படம் வேற போட்டிருந்தாங்க, ஒரு டைவர் கீழ நின்னு அண்ணாந்து பாக்கறாரு, அவர் தலைக்கு மேல ஒரு தென்னை ஒசரத்துக்கு கெல்ப் ஆடிட்டிருக்கு, அதுக்குக் கீழயே 'கடற்புல்'.