அடிப்படை ஊதியம் அல்ல, கீழ்வரம்புக் கூலி

அமெரிக்காவில் மினிமம் வேஜ், அதாவது சட்டப்படி இதற்குக் கீழே கொடுக்கக் கூடாத கூலி, உயரப்போகிறது என்றாலும், திருநெல்வேலிப் பக்கத்து முக்கூடலில் பீடி சுற்றுகிறவர்களுக்கு மினிமம் வேஜ் உயர்ந்தது என்றாலும், தமிழில் செய்தி எழுதுகிறவர்களில் பலருக்குக் கைக்கு வருகிற சொல் ‘அடிப்படை ஊதியம்’. இது பொருந்தாத பெயர் என்பதோடு போகவில்லை. சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக் கணக்குப் பார்க்கிற ஆளுக்கு நஷ்டம் வைக்கிற பெயர்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மினிமம் லத்தீன், மிகச் சிறியது என்று பொருள். சட்டப் புழக்கத்தில் உள்ள ‘குறைந்தபட்ச’த்தில் முன்பாதி தமிழ். பின்பாதியான பட்சம் வடமொழி. சிறகு, பக்கம் என்று பொருள். வேஜுக்கு நம்மிடம் கூலி, ஊதியம், சம்பளம் என்று மூன்று உண்டு. சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்று தூத்துக்குடி உப்பளத்தைக் காட்டி விளக்குவோர் இந்தப் பக்கம் ஏராளம். கேட்க இனிக்கிறது. ஆனால் வழிநடைக்கு எடுத்துப்போகும் கட்டுச்சோற்றுக்கு வடமொழியில் சம்பலம் என்று பெயர். நம் சொல்லும் அங்கிருந்து வந்தது என்பதே பொருத்தமாக இருக்கிறது.

மிச்சமுள்ள இரண்டையும் குறளில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்கிறது 619ஆம் குறள். உடம்பு வருந்தியதற்கு வருவது கூலி. ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு’ என்பதில் ஊதியம் என்றால் ஆதாயம், லாபம். முதல் போட்டவனுக்கு வந்த சொல்லை உழைத்தவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, உழைத்தவனின் சொல்லைத் தாழ்வானது என்று ஒதுக்கிவிட்டோம். ‘கூலி’ என்று எழுதினால் மரியாதைக் குறைவு என்று ஊதியம் போடுகிறார்கள். மரியாதை வந்து சேர்கிறது, பணம் வருவதில்லை. இங்கே கூலி என்றே எழுதுகிறேன்.

இனி அடிப்படை. சம்பளச் சீட்டில் அடிப்படை என்பது பேசிக். அது கூலியின் ஒரு பகுதி. தமிழ்நாட்டு அரசின் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகளில் அடிப்படை தனி, பஞ்சப்படி தனி; இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கூலி. பஞ்சப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டது. ஜனவரி முதல் டிசம்பர் வரை குறியீட்டின் சராசரியை எடுத்து ஏப்ரல் 1 முதல் மாற்றுவார்கள். ஒரு கணக்குக்காக அடிப்படை 9,000, பஞ்சப்படி 4,000 என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 13,000. செய்தியில் ‘அடிப்படை ஊதியம் 9,000’ என்று படித்தவர் தனக்கு 9,500 வருகிறது, சரிதான் என்று போய்விடுவார். மாதம் 3,500 ரூபாய் குறைவாக வாங்குகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. நாள் கூலி பார்க்கும்போது இன்னொரு வழுக்கலும் உண்டு. மாதத் தொகையை 26ஆல் வகுக்க வேண்டும்; 500 வரும். 30ஆல் வகுத்துக் கொடுப்போர் 433 என்பார்கள். மேஸ்திரி சொல்கிற கணக்கு பெரும்பாலும் இரண்டாவதுதான்.

‘அடிப்படை என்றால் எல்லாருக்கும் புரியும், தமிழாகவும் இருக்கிறது’ என்பது இந்தச் சொல்லுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். புரிவது வேறொன்றாக இருந்தால் புரிந்து என்ன பயன்? 2019இல் இயற்றி 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, 1948ஆம் ஆண்டின் பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. வேஜ் என்றால் எது என்று அது வரையறுக்கிறது: அடிப்படை, பஞ்சப்படி, வேலையில்லாக் காலத்திலும் ஆளைத் தக்கவைக்கக் கொடுக்கும் படி. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப் படி, ஓவர்டைம் எல்லாம் வெளியே. வெளியே நிற்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி உள்ளே வந்துவிடும். சட்டமே அடிப்படையைக் கூலியின் ஓர் உறுப்பாக வைத்திருக்கும்போது, முழுக் கூலிக்கும் அதே பெயரைச் சூட்டினால் அந்த வரையறையைத் தமிழில் எழுதவே முடியாது. ‘அடிப்படை ஊதியம் என்பது அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும்’ என்றல்லவா எழுத வேண்டியிருக்கும்!

சிக்கல் இதோடு முடியவில்லை. அதே தொகுப்பு ஃப்ளோர் வேஜ் என்று ஒன்றையும் கொண்டுவந்திருக்கிறது. அதை ஒன்றிய அரசு நிர்ணயிக்கும். எந்த மாநிலமும் அதற்குக் கீழே தன் வரம்பை வைக்கக் கூடாது. 1996இல் நாளுக்கு 35 ரூபாயில் தொடங்கி 2017இல் 176 ரூபாய்க்கு வந்த தேசியத் தரைமட்டக் கூலிக்குச் சட்ட வலு கிடையாது. மாநிலங்களுக்கு யோசனை, அவ்வளவுதான். இப்போது வலு வந்திருக்கிறது. இதற்கும் ‘அடிப்படை ஊதியம்’ என்றே எழுதத் தொடங்கினால் பேசிக், மினிமம், ஃப்ளோர் மூன்றும் ஒரே பெயரில் நிற்கும். ‘மாடி ஊதியம்’ என்று எழுதாமல் விட்டார்களே என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம். தரைக்கூலி என்றால் தீர்ந்தது.

தனித்தமிழ் அன்பர்கள் ‘சிறும ஊதியம்’ என்பார்கள். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் பெருமம், சிறுமம் இருப்பது உண்மை. அங்கே நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சிறுமை என்ற சொல்லின் வாடை கூலியில் ஒட்டினால் நன்றாக இராது. தொகை ஏற்கெனவே சிறிது, பெயரிலுமா?

என் தேர்வு கீழ்வரம்புக் கூலி. நில உச்சவரம்பு என்ற சொல் ஊர்ப்பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என்றது, 1970இல் அது 15 ஆனது. இதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது உச்சவரம்பு. இதற்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்பது கீழ்வரம்பு. பட்சத்தில் இல்லாத ஒன்று வரம்பில் இருக்கிறது: மீறினால் குற்றம் என்ற பொருள். 1983இல் ராஜஸ்தான் வறட்சி நிவாரண வேலை வழக்கில், இந்தக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது உச்ச நீதிமன்றம். ‘குறைந்தபட்சம் இவ்வளவாவது கொடுங்களேன்’ என்ற கெஞ்சல் தொனி அந்தத் தீர்ப்புக்கு ஒட்டாது.

எதன் வரம்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் வீடுகளில் மடியில் சுளகை வைத்துச் சுற்றும் பீடிக்கு வரம்பு நாளுக்கு அல்ல, ஆயிரத்துக்கு. இலையை நிறுத்துக் கொடுப்பார்கள், பீடியை எண்ணி வாங்குவார்கள். சங்கதி முழுக்க அதில் இருக்கிறது. இலை நொறுங்கியும் ஓட்டை விழுந்தும் வந்தால் நறுக்கும்போதே கழிவு கூடும். ஆயிரத்துக்குக் குறைகிற இலையைக் கைக்காசில் வெளியே வாங்கித்தான் கணக்கை நிரப்ப வேண்டும். சுற்றியதில் சரியில்லை என்று தள்ளுவது வேறு. பாஸ்புத்தகத்தில் ஆயிரத்துக்கான கூலி வரம்புப்படியே இருக்கும், கையில் நிற்பது வரம்புக்குக் கீழே போயிருக்கும். ஆயிரத்துக்கு எத்தனை கிராம் இலை என்பதையும் சேர்த்துப் பேசாத கூலி உயர்வு பாதி உயர்வுதான்.

உயர்த்தலாமா கூடாதா என்ற சண்டையும் பெயர் சரியானால் தெளிவாகும். கூலியை ஏற்றினால் வேலை போகும் என்பது ஒரு கட்சி. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மணிக்கு 4.25 டாலரை 5.05 ஆக்கியபோது, அங்குள்ள துரித உணவுக் கடைகளைப் பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு, வேலை குறையவில்லை என்று பொருளியலாளர்கள் கார்டும் குரூகரும் 1994இல் எழுதினார்கள். எதிர்வாதங்கள் இன்னும் ஓயவில்லை. கொடுக்க முடியாத தொழில் என்ன செய்வது என்ற கேள்விக்கு, தன் தொழிலாளிக்கு இந்தக் கூலியைக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்க உரிமையில்லை என்று நம் உச்ச நீதிமன்றம் 1950களிலேயே சொல்லிவிட்டது. கீழ்வரம்புக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் மிஞ்சுகிறது. 1957இன் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவு சொன்னது: குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு (வயது வந்த ஒருவரின் தேவை ஓர் அலகு), அலகுக்கு நாளுக்கு 2,700 கலோரி, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் விளக்கு முதலிய செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். 1991இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு 25 சதவீதம் சேர்த்தது. இது கோடு போடுகிற கணக்கு. இதற்கு மேலே உள்ளவை நியாயக் கூலியும், அரசமைப்பின் 43ஆம் பிரிவு பேசும் வாழ்வூதியமும். மொழிபெயர்ப்புகளில் இந்த மூன்றும் கலந்து கிடப்பதால்தான், கீழ்வரம்பைக் கேட்கிறவர் சொகுசைக் கேட்பதுபோல் தோன்றுகிறது.

பழைய சொல்லையே வைத்துக்கொள்வோம் என்பவர்களோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. ‘குறைந்தபட்சக் கூலி’ தப்பில்லை. ஆனால் ‘குறைந்தபட்ச’த்தில் இருந்து பட்சத்தை வெட்டி ‘குறைந்த ஊதியம்’ என்று எழுதாதீர்கள். அது லோ வேஜ், அற்பக்கூலி. ‘குறைந்தபட்ச ஊதிய உயர்வு கோரி ஆர்ப்பாட்டம்’ என்றும் தட்டி எழுதாதீர்கள். கொஞ்சமாவது ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்பதாகவும் அதைப் படிக்கலாம், நிர்வாகம் அப்படித்தான் படிக்கும். ‘குறைந்தபட்சக் கூலியை உயர்த்தக் கோரி’ என்று இரண்டாம் வேற்றுமையைப் போட்டுவிட்டால் குழப்பம் இல்லை.